சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

மாசமாக இருக்கும் பெண்களில் சிலர் மண் தின்பார்கள், சாம்பல் தின்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் வேறு யாரோ செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எம்.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். சுண்ணாம்பில் என்ன இருக்கிறது, களிமண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பலகையில் எழுதிக் காட்டுவேன். அப்பேர்ப்பட்ட நான் ஜெர்மனியில் ஒரு குடியிருப்பின் நிலவறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், ஈரச் சுவரில் மூக்கை வைத்து மோந்துகொண்டு நின்றேன்.

அப்போது எனக்கு மூன்றாம் மாதம். கணவருக்கு அங்கே ஒரு கார் கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சோறு வேகும் வாசனையே ஆகாமல் கிடந்த எனக்கு, அந்தச் சுவரின் வாசனை மட்டும் பிடித்தது. முதல் மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை. துவைக்கத் துணி இல்லாத நாளிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். ஒருநாள் மேல்வீட்டு அம்மாள் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார். தண்ணீர் கசிகிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் ஒரு பிளம்பர் வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் போனார்.

மோந்து பார்ப்பது கொஞ்ச நாளில் போதாமல் ஆயிற்று. வாய்க்கு என்ன கேட்கிறது என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. சிலேட்டுக் குச்சி. கடைவாயில் வைத்துக் கடித்தால் 'கறுக்' என்று முறிந்து, பிறகு மாவாகக் கரையுமே, அது. முக்கூடலில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் தின்றிருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் தலைமையாசிரியர். குச்சி தின்னும் பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. காலைக் கூட்டம் முடிந்ததும் வரிசையாக நாக்கை நீட்டச் சொல்வார். வெள்ளை நாக்குக்காரர்களை ஓரமாக நிறுத்துவார். ஒருநாள் அந்த ஓரத்தில் நானும் நின்றேன். "வாத்தியார் மகளே திங்குதா!" என்று பிள்ளைகள் கூவியதும், அப்பாவின் காது சிவந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதோடு விட்டேன்.

விட்டது திரும்பி வந்தால், அதுவும் குச்சியே கிடைக்காத ஊரில் வந்தால் என்ன செய்வது? அம்மாவிடம் உள்ளபடி சொல்லியிருக்கலாம். அம்மா சிரித்துவிட்டு, தெருவில் நாலு பேரிடம் சொல்லி, அவர்களும் சிரித்து, அதோடு முடிந்திருக்கும். எனக்கு அந்த நாலு பேரின் சிரிப்பு பிடிக்கவில்லை. ஜெர்மனியில் இருக்கிறவள், படித்தவள் என்று அவர்கள் வைத்திருந்த கணக்கில் குறைந்துபோக மனம் ஒப்பவில்லை. கௌரவம் பிடித்த ஆள் நான், அப்பாவைப் போல. ஆனால் அவரிடம் நேர்மையும் இருந்தது.

"அம்மா, சிலேட்டுக் குச்சி கொஞ்சம் அனுப்பி விடேன்," என்றேன் வீடியோ அழைப்பில்.

"எதுக்குட்டி? யாருக்கு?"

"இங்கன தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கேன்மா. அ, ஆ எழுதிப் பழகுறதுக்கு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் திறந்தது, விழுந்தது. பக்கத்து நகரத்தில் நிஜமாகவே ஒரு தமிழ் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பாக்கெட் குச்சி வந்தால் போதும், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் போனை வாங்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"நீ இவ்வளவு பெரிய காரியம் செய்யுதியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா," என்றார்.

சேரன்மகாதேவிக்காரர் ஒருவர் ஜெர்மனியில் எங்கள் பக்கத்து ஊரில் வேலை பார்த்தார். அவர் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது அப்பா அவரிடம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டார். இரண்டு பாக்கெட் கேட்டவளுக்கு ஒரு பெட்டி. உள்ளே மரச்சட்டம் போட்ட சிலேட்டுகள், அரிச்சுவடிகள், அப்பா தன் கையால் அட்டையில் எழுதி வெட்டிய உயிரெழுத்துகள். அடியில் ஒரு துணிப்பையில் குச்சிகள். அந்தப் பையைப் பற்றி அப்பா போனில் விளக்கினார். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்க் காலைக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகள் நம் எழுத்தைப் படிக்கிறார்கள், அவர்களுக்கு எழுதக் குச்சி இல்லை என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சி கொண்டுவந்து போட்டார்களாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பது பெரும்பாலும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளும் வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும்தான். பையைப் பிரித்துக் கொட்டினேன். புதுக் குச்சிகள் கொஞ்சம்தான். மற்றவை பாதி எழுதித் தேய்ந்தவை, கூர் மழுங்கியவை, தாள் சுற்றிப் பத்திரப்படுத்தியவை. எதை வைத்திருந்தார்களோ அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவற்றை நான் குழாயில் கழுவித் தின்றேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்கும் கூசியது. கூசிக்கொண்டேதான் தின்றேன். அழுதுகொண்டும் தின்றிருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா அழைத்தார். "இன்னைக்கு என்ன எழுத்து நடத்துன?" என்று கேட்பார். நான் சொல்ல வேண்டும். முதலில் பொத்தாம்பொதுவாகச் சமாளித்தேன். அப்பாவுக்கு அது போதாது. எத்தனை பிள்ளைகள், யார் வீட்டுப் பிள்ளைகள், யார் வேகம், யார் மெதுவாக எழுதுகிறார்கள் என்று கேட்டார். நானும் பிள்ளைகளை உண்டாக்கிக் கொடுத்தேன். பெயர் வைத்தேன். அந்தப் பெயர்களை இன்றைக்கு யாராவது தெருவில் கூப்பிட்டால் எனக்கு முகம் சூடாகும். ஒரு பெண்ணுக்கு 'அ' எழுதவே வரவில்லை, சுழி வேறு பக்கம் போகிறது என்று சும்மா சொல்லிவைத்தேன். அப்பா ஒரு வாரம் அதையே யோசித்திருக்கிறார். "கையப் பிடிச்சு எழுத வைக்காதம்மா, பயந்துக்கும். பைய, தட்டுல அரிசியப் பரப்பி விரலால எழுதச் சொல்லு," என்றார். அடுத்த சனிக்கிழமை, எழுதிவிட்டாள் என்றேன். வேறு என்ன சொல்ல? அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இங்கே அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்றேன். நான் அவரிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மையாக இருந்திருக்கும். "எவ்வளவு நல்ல வழக்கம்," என்று அந்த நாட்டை வியந்தார்.

அங்கே எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இதமாகப் பேசும் பெண்மணி. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சாப்பிடத் தோன்றுகிறதா என்று கேட்டார். மாங்காய் என்றேன். சினிமாவில் வரும் கர்ப்பிணிகள் எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். கணவருக்கும் மாங்காய்தான். பாவம், எங்கேயோ அலைந்து தேடி, பச்சை மாங்காய் என்று நினைத்து கல்லாகக் கிடந்த ஏதோ ஒரு பழத்தை வாங்கிவந்தார். அதையும் தின்றேன்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் பிறந்ததும், டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். கணவர் பிரசவ நேரத்துக்கு வருவதாக ஏற்பாடு. கைப்பையில், முகப்பவுடர் டப்பாவுக்குள், மீந்த குச்சித் துண்டுகள் இருந்தன.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அப்பா காரோடு வந்திருந்தார். என் வயிற்றைப் பார்த்ததும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். வள்ளியூரில் காரை நிறுத்தச் சொல்லி எனக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். தான் ஒரு டீயை வைத்துக்கொண்டு, ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வளைகாப்புக்கு மறுநாள் பள்ளிக்கூடத்துல உனக்கு ஒரு சின்ன பாராட்டு வச்சிருக்காங்கம்மா. டீச்சர்தான் ஏற்பாடு பண்ணுதாங்க. ஒரு பொன்னாடை. பிள்ளைகளுக்கு நீ ரெண்டு வார்த்தை பேசணும்."

நான் பால் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த டீச்சர் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்போது தலைமையாசிரியை. வேண்டாம்ப்பா, வயிற்றைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்றால் நன்றாகவா இருக்கும் என்றேன். "ஒனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்," என்றார். கேட்காமலேயே எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தார். நாங்குநேரி தாண்டும்வரை அவர்தான் பேசினார். அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த பெட்டியில் என்ன அனுப்பலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் குளியலறைதான் எனக்குப் புகலிடம். கடிக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். "எத்தன தடவதான் மூஞ்சி கழுவுவ?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பாள். நல்லவேளை, கதவுக்கு அந்தப் பக்கம் என் மூஞ்சி தெரியாது.

வளைகாப்புக்கு முன்பே ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார் அப்பா. அம்மாவுக்குப் பலகாரவேலை தலைக்குமேல் இருந்ததால் அவரே என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். வழக்கமாக ஆண்கள் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த லேடி டாக்டர் அப்பாவிடம் படித்தவர். "சார், நீங்க ஏன் வெளிய நிக்கீங்க? உள்ள வாங்க," என்று எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா பெருமையோடு உட்கார்ந்தார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து எல்லாம் அவர் மேசைக்கு வந்திருந்தன.

டாக்டர் தாளைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடுதியாம்மா?"

"போடுதேன் டாக்டர்."

"இவ்வளவு மாத்திரைக்கு ரத்தம் ஏறியிருக்கணுமே. குறைஞ்சுல்லா இருக்கு. பிள்ளையும் மாசத்துக்குத் தகுந்த எடை இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "மண்ணு, சாம்பல், குச்சி, அப்படி ஏதும் திங்குதியா?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா சிரித்துவிட்டார். "சே, சே. அதெல்லாம் இல்லம்மா. இவ கெமிஸ்ட்ரி படிச்சவ. அங்கன பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கா."

"படிச்சவங்கதான் சார் மறைப்பாங்க," என்றார் டாக்டர், அவரும் சிரித்தபடியே. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இருந்தா சொல்லிரும்மா. அது உள்ள போனா மாத்திரை ஒட்டாது. பிள்ளைக்குத்தான் கேடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா தப்பித்துவிடுவார். தலையை நிமிர்த்தியபடி வெளியே போவார், பொன்னாடையைப் பார்ப்பார். குச்சியை அன்றைக்கே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட எனக்குள் ஒரு குரல் கணக்குப் போட்டது. ஆனால் நான் விட மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அன்று காலையிலும் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. எடை குறைந்த பிள்ளை.

"திங்குதேன் டாக்டர்," என்றேன்.

"எத?"

"சிலேட்டுக் குச்சி."

டாக்டர் திட்டவில்லை. இது நிறையப் பேருக்கு வருவதுதான், கூச்சப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, ஒரு நல்ல மனுஷி பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "ஆமா, ஜெர்மனியில சிலேட்டுக் குச்சிக்கு எங்க போன?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் அப்பாவுக்கே தெரியும். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். குச்சி தின்ற பிள்ளைகளைக் கண்டித்த பழைய கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, "நான் காரை வரச் சொல்லுதேன்," என்று வெளியே போனார்.

மருந்துக்கடையில் மாத்திரைகளை அவரே வாங்கினார். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தார். வரும்போது என்னோடு பின்னால் உட்கார்ந்து வந்தவர். திருநெல்வேலி எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்தது. டிரைவர் பாட்டுப் போட்டார். அப்பா நிறுத்தச் சொன்னார். முக்கூடலை நெருங்கும்போது, திரும்பாமலேயே கேட்டார்.

"ஒரு பிள்ளகூடவா இல்ல?"

"இல்லப்பா."

"சரி," என்றார்.

டிரைவர் முன்னால் அதற்குமேல் கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தலைவாரி, சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்ததை அம்மா சொல்லியிருந்தாள். யாருக்காக அப்படி உட்கார்ந்தாரோ அவர்கள் யாருமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். ரத்தம் கம்மி, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்றார் அப்பா. குச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. நான் அறைக்குப் போய்ப் பவுடர் டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். கொட்டும்போதே எச்சில் ஊறியது. சோறு சாப்பிட்டேன். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தேன்.

முன்னறையில் அப்பா போனில் பேசும் சத்தம் கேட்டது. நிலைப்படி வரை போய் நின்றேன். நான் நிற்பது அவருக்குத் தெரியும்.

"இல்ல டீச்சர், அவளால வர முடியாது. அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க." அந்தப் பக்கம் டீச்சர் ஏதோ கேட்டார். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆமா டீச்சர். வகுப்பு நடக்கு. நல்லா எழுதுதுகளாம். ஒரு பிள்ளைக்குத்தான் 'அ' வராம இருந்தது. இப்ப அதுவும் எழுதுதாம்."

எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பொய்க்கும் இடம் கொடுக்காத மனுஷர். விடுமுறை விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதச் சம்மதிக்காமல், கல்யாணத்துக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் எனக்காகப் பொய் சொல்வதை, அதுவும் அவ்வளவு தடுமாறிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

போனை மேசைமேல் வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேன்ப்பா."

அது உண்மை. அப்பா தலையாட்டினார். பிறகு எழுந்து, என்னைத் தாண்டி அறைக்குள் போய், கட்டில்மேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்று குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்.